காதுகுத்துக்குக் கலக்கிய ரம் பானகம்

குடித்துவிட்டு அடித்தான் என்று மட்டும் சொல்லாதே அம்மிணி. மூலை வீட்டு லாரிக்காரன் நேற்று பெண்டாட்டியின் மண்டையை உடைத்தான், சரி. அவன் வாயில் வாடை வந்தது, அதுவும் சரி. வாடைதான் கையை ஓங்க வைத்தது என்று நீயும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குத் தாலி கட்டிய நாளிலிருந்து ஐந்து வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்த ஐந்து வருஷமும் என்னை அடித்தார். பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடித்தார். மோரைக் குடித்துவிட்டு அடித்தார். விரதம் இருந்த சனிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு அடித்தார். அவர் கடைசியாக என்னை அடித்த நாளில்தான் அவர் வயிற்றுக்குள் முதல்முதலாக ரம் இறங்கியது. அதற்கு வழி பண்ணியது நான்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். எனக்கும் அதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அந்த முறத்தை இப்படித் தள்ளு. நீ பேச்சுக் கேட்டுக்கொண்டே கல் பொறுக்கினால் பருப்பு கீழே போய்க் கல்லெல்லாம் முறத்தில் நிற்கும். நான் பொறுக்குகிறேன், நீ கேள்.

ரம் பானகம் என்றதும் சாராயத்தில் வெல்லத்தைக் கரைத்துக் குடிப்பது என்று நினைத்துவிடாதே. அதற்கு முறை இருக்கிறது. என் பிறந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், மலைப்பாதை ஏறுகிற அடிவாரம். அப்பா மலை மேல் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. அண்ணனுக்குத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை. சாயங்காலம் துரை வராந்தாவில் வந்து உட்கார்ந்ததும் அவருக்குக் குடிக்கக் கலக்கிக் கொடுப்பதுதான் அண்ணனின் வேலை. எனக்குப் பத்து வயதில் அங்கேயே எலுமிச்சம்பழம் பிழிகிற வேலை கொடுத்தார்கள். விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும், நாள் முழுக்க எரியும்.

எலுமிச்சம்பழத்தை அறுப்பதற்கு முன்னால் உள்ளங்கையால் அழுத்தித் தரையில் உருட்ட வேண்டும். பிழியும்போது தோலைத் திருகக் கூடாது, திருகினால் கசப்பு இறங்கும். ஒரு விதை விழுந்தாலும் கெட்டது. நாட்டுச்சர்க்கரையோ வெல்லமோ, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மல்துணியில் மண் போக வடிகட்டி, நன்றாக ஆற வைக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் எலுமிச்சை செத்துப்போகும். பிறகு அளவு. ஒன்று புளிப்பு, இரண்டு இனிப்பு, மூன்று காரம், நாலு தண்ணீர். காரம் என்றால் மிளகாய் இல்லை, ரம். முதலில் புளிப்பு, அதில் இனிப்பு, அது இரண்டும் ஒன்றான பிறகு காரம், கடைசியில்தான் தண்ணீர். துரைக்குச் சீமையிலிருந்து காகிதம் சுற்றிய சின்னச் சீசாவில் ஒரு கசப்புத் தண்ணீர் வரும், அதில் நாலு சொட்டு. அந்தச் சீசா தீர்ந்த மாதங்களில் மலை ஆரஞ்சின் காய்ந்த தோலை ரம்மில் ஊறப்போட்டு அண்ணன் அதைச் சொட்டு விடுவார். துரைக்கு ஒரு நாளும் வித்தியாசம் தெரிந்ததில்லை. எல்லாம் கலந்து ஈர மணலில் புதைத்த மண்பானையில் குளிர வைத்து, தம்ளரில் ஊற்றிய பிறகு ஜாதிக்காயை மேலே உரச வேண்டும். பானைக்குள் உரசக் கூடாது. அதற்காக அண்ணன் வாங்கிய உதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உதை என்றால் பூட்ஸ் காலால். ஒரு நாள் தண்ணீர் கூடிவிட்டது என்று துரை தம்ளரை அப்படியே அண்ணன் முகத்தில் எறிந்தார். கண்ணாடித் தம்ளர். புருவம் பிளந்து எலும்பு தெரிந்தது. அண்ணன் அந்த ரத்தத்தோடு உள்ளே போய் இன்னொன்று கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். துரை குடித்துவிட்டு நல்லது என்று தலையாட்டினார். அந்த நாளிலிருந்து அண்ணனால் தப்பாகக் கலக்கியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கோவில் நோம்பியில் யாரோ ஒரு பெரியவர் பானகம் கரைத்துக்கொண்டிருந்தால் இவர் போய்க் கரண்டியைப் பிடுங்குவார். அது ஒரு வியாதி மாதிரி. இன்னொன்றும் உண்டு. துரைக்கு விஷ பயம். அதனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாய் ஊற்றி விழுங்கிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் தினமும் அப்படிச் செய்தவருக்குக் கலக்கி முடித்ததும் கை தானாகத் தம்ளருக்குப் போகும். இதை நினைவில் வைத்துக்கொள் அம்மிணி, இதை வைத்துத்தான் பின்னால் நான் காரியம் செய்தேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது திருச்செங்கோட்டுப் பக்கம். நல்ல குடும்பம், கிணறு, ரெண்டு ஏர், எருமை. மாப்பிள்ளை குடிக்க மாட்டார் என்று சொல்லித்தான் அப்பா சம்மதித்தார். குடிக்காதது மட்டுமில்லை, ஊரிலேயே யாரையும் குடிக்க விட மாட்டார். நம் சேலம் ஜில்லாவில்தான் முதலில் கள்ளுக்கடைகளை மூடினார்கள் என்று உனக்குத் தெரியுமல்லவா. அதற்கும் முன்னாலேயே இவர் அரிவாளோடு பனை பனையாக ஏறிக் கள்ளுப் பானைகளை உடைத்தார். மறுபடியும் பானை கட்டியவரை அதே பனையில் கட்டி வைத்து மாட்டுச் சாட்டையால் முதுகுத் தோல் உரிய அடித்தார். அந்த மனிதர் ரெண்டு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஊர் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. வீட்டுக்கு வந்ததும் சாட்டையைக் கழுவக் கொடுத்தார். நான்தான் கழுவினேன்.

எனக்கு விழுந்த முதல் அடி கல்யாணமான மூன்றாம் நாள், ரசத்தில் உப்புக் குறைந்ததற்கு. அப்புறம் கணக்கில்லை. என் மாமியாருக்கு இடது காது கேட்காது, மாமனார் அறைந்தது. அதனால் நான் அலறினால் வலது காதை முந்தானையால் மூடிக்கொள்வார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது எருமை கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் அடுத்த காட்டுச் சோளத்தை மேய்ந்துவிட்டது. அதற்கு வண்டியின் முளைக்குச்சியை உருவி என் இடது மணிக்கட்டை உடைத்தார். தடவிப் பார், இன்னும் மேடாக இருக்கும்.

சேதி கேட்டு அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தார். என் கையைத் தொட்டுப் பார்த்தார். வெளியே போய் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

“எந்தக் கையில அடிச்சீங்க மாப்பளை?”

“சோத்துக்கையிலதான். ஏன், பீச்சாங்கையில அடிச்சா உங்க தங்கச்சிக்கு வலிக்காதா?”

“செரி. இந்த ஊட்டுல இனி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். மறுக்கா இந்த நடைய மிதிச்சா, அந்தச் சோத்துக்கைய ஒடைச்சுப்போட்டுத்தான் வெளிய போவேன். கொலசாமி மேல சத்தியம்.”

“வாங்க, வாங்க. கை இங்கயேதான் இருக்கும். ஒறம்பரை ஊட்டுக்கெல்லாம் அது போறதில்ல.”

அண்ணன் போய்விட்டார். ரெண்டு வருஷம் வரவில்லை. அவர் சொன்னால் செய்கிறவர். அதற்குள் மகளுக்கு மூன்று வயது ஆகிவிட்டது. மூன்றில் காது குத்தாவிட்டால் ஐந்தில் குத்த வேண்டும், ஐந்து வரைக்கும் மூளிக் காதோடு பெண்ணை எங்கே கூட்டிப் போவது? காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் மடியில் உட்கார வைக்காமல் குத்திய காது காதே இல்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். சேதி அனுப்பினோம். வருகிறேன் என்று பதில் வந்தது. வேறொன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போது என் நெஞ்சில் என்ன இருந்தது தெரியுமா? வீட்டுக்காரர் கை உடையட்டும் என்று ஒரு பக்கம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடைத்தால் அண்ணன் ஜெயிலுக்குப் போவார். விதைப்புக்கு முன்னால் வீட்டில் ஏர் நின்றுபோகும். கட்டு அவிழ்த்த அன்றைக்கு அந்தக் கை முதலில் என் கழுத்தைத்தான் தேடும். அதனால் அந்த ஒரு கை உடையாமல் காதுகுத்து முடிய வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ராத்திரியும் பகலும் அதே நினைப்பு.

காதுகுத்துக்கு வாசலில் பந்தல் போட்டோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பாதிப் பேர் காது குத்துவதைப் பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் கை உடைவதைப் பார்க்க வந்தார்கள். எங்கள் பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவர், பல் இல்லாதவர், பந்தல் காலில் சாய்ந்துகொண்டு என் மாமியாரிடமே கேட்டார்.

“ஏனுங்க, மொதல்ல காதா, கையா?”

“காதுதான். கை பந்திக்கு அப்பறமா இருக்கும்,” என்றார் பக்கத்தில் இருந்த இன்னொருவர்.

“அப்ப நான் மொதல் பந்தியிலயே உக்காந்துக்கறேன். பந்தி நடுவுல எந்திரிச்சு ஓடக் கூடாதில்ல.”

அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்தார். இடுப்பில் துண்டு, கையில் மூங்கில் தடி. தடிக்கு அடியில் இரும்புப் பூண் புதிதாகப் போட்டிருந்தது. நான் ஆரத்தி எடுத்துவிட்டுத் தட்டு ஒவ்வொன்றாக உள்ளே வாங்கினேன். வாழைப்பழத் தட்டு மட்டும் கனமாக இருந்தது. சீப்பைத் தூக்கினால் அடியில் ஒரு போத்தல் ரம்.

“இது என்னுங்கண்ணா?”

“சத்தம் போடாத. எடுத்து ஓரமா வெய்யி. வேலைய முடிச்சுட்டுப் போறப்ப வழியில வேணும். போலீஸ்காரன் அடிக்கறப்ப வலிக்காம இருக்கோணுமில்ல.”

ஜெயிலுக்குப் போகத் தயாராகவே வந்திருக்கிறார். போத்தலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சமையல் அறைக்குள் போய் நின்றேன். அந்த நிற்பில்தான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம். பகை வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் பகை அதோடு தீர்ந்தது. குடித்த பிறகு அந்த வீட்டுக்காரர் மேல் கை ஓங்கினால் குலதெய்வம் ஓங்கியவர் வீட்டுப் பக்கமே வராது. அண்ணனை ஒரு வாய் குடிக்க வைத்துவிட வேண்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார். மோர், காப்பி எதையும் தொட மாட்டார். ஆனால் நான் ஒன்றைத் தப்பாகக் கலக்கினால்?

மாமியார் உள்ளே வந்தார். “என்னடி இது சீசா?”

“உங்க மகன் கை தப்பிக்கறதுக்கு மருந்துங்கத்தை. அண்ணனை ஒரு வாய் குடிக்க வெச்சறேன்.”

“அவங்கதான் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காங்களே.”

“குடிப்பாங்க. நான் கூப்பட்றப்ப நடையில வந்து நின்னுக்கங்க, சாட்சிக்கு ஆள் வேணும்.”

மாமியாரே எலுமிச்சம்பழக் கூடையை எடுத்து என் பக்கம் தள்ளினார். அண்ணன் கொண்டுவந்த வெல்ல உருண்டைகளை நான் தரையில் சாக்கு விரித்து அம்மிக் குழவியால் உடைத்தேன். பாகு காய்ச்சி, வடிகட்டி, தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்து ஆற்றினேன். குழவியைக் கழுவ நேரமில்லை. வெல்லம் ஒட்டியபடி அப்படியே அடுப்பு ஓரத்தில் கிடந்தது.

பந்தலில் அண்ணன் என் மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினாள், உதைத்தாள், மாமன் கையைக் கடித்தாள். வலது காதில் குத்தும்போது தலையைத் திருப்பிவிட்டதால் ஓட்டை ஒரு நெல் அளவு மேலே ஏறிவிட்டது. ரத்தம் அண்ணன் வெள்ளை வேட்டியில் சொட்டியது. எல்லாரும் தடியைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பந்தலின் அந்தக் கோடியில் மாட்டுச் சாட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பயமே இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் பித்தளைக் குடத்தைத் தூக்கி வந்து, அண்ணன் கண்ணில் படுகிற மாதிரி சமையல் அறை நடையில் வைத்தேன். போத்தலையும் பக்கத்தில் வைத்தேன், என் புடவை மறைவில், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. முதல் வேலையாகக் குடத்துக்குள் நாலு தம்ளர் தண்ணீரை ஊற்றினேன்.

அண்ணன் கழுத்து திரும்பியது. “ஏ புள்ள, என்ன பண்ற?”

“பானகம் கரைக்கறனுங்கண்ணா.”

“தண்ணியவா மொதல்ல ஊத்துன?”

“எத ஊத்துனா என்னுங்க. எல்லாம் வகுத்துக்குள்ள போயி ஒண்ணாத்தான ஆவுது.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் ஒரு பழத்தை அறுத்து, தோலைப் பிடித்துத் திருகு திருகென்று திருகினேன். யாரோ அவர் காதையே திருகுகிற மாதிரி முகம் சுளித்தார். விதைகள் தண்ணீரில் டொப் டொப்பென்று விழுந்தன. அப்புறம் ஜாதிக்காயை எடுத்தேன். எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, குடத்துக்குள்ளேயே உரசினேன்.

அண்ணன் என் மகளை இறக்கி விட்டுவிட்டு எழுந்தார். பந்தலே எழுந்தது. நேரம் வந்துவிட்டது என்று நினைத்து ஆம்பளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். வீட்டுக்காரர் சாட்டையை உதறினார். அண்ணன் அவரைத் தாண்டி, அவர் அங்கே நிற்பதையே பார்க்காமல் நேரே நடைக்கு வந்து என் தோளைப் பிடித்து ஒதுக்கினார்.

“தள்ளு. நான் வாங்குன அடியெல்லாம் வீணாப் போச்சு.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பின்பக்கத்துப் பொடக்காலியில் கொட்டிக் கழுவினார். ரம்மை நான் இன்னும் ஊற்றவில்லை, அந்த அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. பழங்களை உருட்டினார், அறுத்தார், பிழிந்தார். ஒன்று. பாகை விட்டுக் கையால் சுற்றிப் பார்த்தார். இரண்டு. போத்தலைத் திறந்தார். மூன்று. பானைத் தண்ணீர் நாலு. அவர் மடியிலிருந்தே காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு வந்தது, பாவி மனுஷர் அதையும் கொண்டு வந்திருக்கிறார். தம்ளரில் ஊற்றி மேலே ஜாதிக்காய் உரசினார். பிறகு, துரை முன்னால் நிற்கிற மாதிரி, ஒரு வாய் விழுங்கினார்.

“பாகு கொஞ்சம் எளசு,” என்றார்.

நடையில் நின்ற மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். “சாமி, எங்கூட்டுல ஒரு வாய் குடிச்சுப்போட்டீங்க. மவராசனா இருங்க.”

அண்ணன் தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏமாத்திப்போட்டயே புள்ள,” என்று மட்டும் சொன்னார். குடித்ததுதான் குடித்தாகிவிட்டது என்று மீதியையும் குடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

சேதி பந்தலுக்குப் போனது. பல் இல்லாத கிழவர், “அப்ப எலையப் போடுங்க, இதுக்கா இத்தன தொலைவு நடந்து வந்தோம்,” என்று சலித்துக்கொண்டது எனக்கே கேட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. கை தப்பித்தது, அண்ணன் தப்பித்தார் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கேலி பேசத்தான் வந்தார். “ஏனுங்க மச்சான், கைய எப்ப ஒடைக்கப் போறீங்க? கை காத்துக்கிட்டு இருக்குது. பாயாசம் குடிச்சுட்டு ஒடைக்கறீங்களா?”

வீட்டுக்காரருக்கு அப்போதுதான் வாடை பட்டது. போத்தலைப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

“என்ற ஊட்டுலயா?” என்றார். சத்தமே இல்லாமல் கேட்டார். “நான் மரம் மரமா ஏறி ஒடைச்சேன். என்ற ஊட்டு அடுப்பு மேலயா?”

போத்தலைக் கழுத்தைப் பிடித்து எடுத்து அடுப்புத் திண்டில் அடித்தார். கண்ணாடி சிதறியது, மீதி ரம் அடுப்பில் பட்டு நெருப்பு குப்பென்று ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியது. என் கொண்டையைப் பிடித்துத் தரையில் தள்ளினார். வயிற்றில் ஒரு மிதி. எழப் பார்த்தேன், தாடையில் ஒரு உதை. இந்தப் பக்கக் கடைவாய்ப் பல் ரெண்டு அப்போது போனதுதான். வாய் நிறைய ரத்தம், உப்புக் கரித்தது. அண்ணன் தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். மாமியார் குறுக்கே விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டார்.

“வேண்டாஞ் சாமி. நீங்க குடிச்சுப்போட்டீங்க. நீங்க குடிச்சுப்போட்டீங்க சாமி.”

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். ஓங்கிய தடி ஓங்கியபடி நின்றது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கை இறங்கவில்லை. நான் கீழே கிடந்து அதைப் பார்த்தேன் அம்மிணி. எனக்காக ஓங்க இருந்த ஒரே கையை நானே பானகம் ஊற்றிக் கட்டிப்போட்டிருக்கிறேன். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்காரர் கையில் போத்தலின் கழுத்து இருந்தது, உடைந்த கண்ணாடிப் பல்லோடு. “இந்த மூஞ்சிய எவனும் பாக்காத மாதிரி பண்றேன்,” என்று குனிந்தார். என் கை பக்கத்தில் எதையோ தேடியது. குழவி கிடைத்தது. வெல்லம் ஒட்டியிருந்ததால் வழுக்கவில்லை, கையோடு ஒட்டிக்கொண்டது. ரெண்டு கையாலும் தூக்கி அடித்தேன். முழங்கையில் பட்டது. பச்சை முருங்கைக் கிளை முறிகிற சத்தம். போத்தல் கழுத்து தெறித்து விழுந்தது. அந்தச் சோற்றுக்கை, வளையக் கூடாத பக்கம் வளைந்து தொங்கியது.

அவர் கத்தவே இல்லை. கையைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார், அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தார். அண்ணன் தடியை மெதுவாக இறக்கி மூலையில் வைத்தார். மாமியார் தரையில் இருந்தபடியே மகன் கையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எங்காலத்துல,” என்றார், “கொழவி கைக்கு எட்டற தூரத்துல இருந்ததே இல்ல.”

எலும்பு கட்டுகிற வைத்தியர் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக்கொண்டு வந்தோம். முட்டையின் வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்தார், மூங்கில் பட்டை வெட்டச் சொன்னார். “இழுத்து நேர் பண்ணோணும். உசுரு போற மாதிரி வலிக்கும். வாயில துணிய வெய்யுங்க.”

“துணி வேண்டாம்,” என்றார் அண்ணன். குடத்தில் மீதி இருந்ததைத் தம்ளரில் ஊற்றி, ஜாதிக்காய் உரசி, தங்கை புருஷன் உதட்டில் வைத்தார்.

“என்ன இது?”

“பானகம் மாப்பளை.”

அவருக்கு வாடை தெரியாதா? என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார். குடித்தார். இன்னொன்று கொடுத்தோம், அதையும் குடித்தார். மூன்றாவதைக் கேட்டே வாங்கினார். அப்புறம் வைத்தியர் காலை அவர் விலாவில் ஊன்றிக் கையை இழுத்தார். அப்போது கத்தினார் பார், ஏழு தலைமுறைப் பெரியவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டி முடித்ததும் வேர்த்து வடிந்துகொண்டு கண்ணை மூடியபடி சொன்னார்.

“மச்சான். இனிப்புச் செரியா இருக்குது.”

“இல்ல மாப்பளை. பாகு எளசு.”

மாட்டுக் கட்டுத்தரையில் சாணி வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஊருக்கு அவரேதான் சொன்னார். வேறு என்ன சொல்வார்? வீட்டில் ரம் இருந்தது என்றா, பெண்டாட்டி உடைத்தாள் என்றா? ஊரும் அப்படியே நம்புவதாகத் தலையாட்டியது. அண்ணன்தான் குடித்துவிட்டாரே, இனிச் சாப்பிட என்ன தடை? துரை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விதைப்பு முடியும் வரை எங்கள் வீட்டிலேயே தங்கி ஏர் ஓட்டினார். ஒன்றரை மாதம் வீட்டுக்காரருக்குச் சோறு நான்தான் ஊட்டினேன். நான் உருண்டை பிடித்துக்கொண்டு போனால் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பார். சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகப் போவேன்.

கட்டு அவிழ்த்த பிறகு முழங்கை முழுதாக நீளவில்லை. ஏர் பிடிக்க வரும், சோறு உண்ண வரும், ஓங்க வராது. ஒரே ஒரு தடவை, எதற்கோ, இடது கையைத் தூக்கினார். அம்மிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே போனார். அப்புறம் முப்பது வருஷம் வாழ்ந்தோம். சித்திரை வெயிலில் சில நாள், “மச்சான் வந்தா அந்தப் பானகம் பண்ணச் சொல்லு,” என்பார். ஊரில் மட்டும் கடைசி வரை குடியைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

குழவி அதோ அந்த அம்மி மேல் இருக்கிறதே, அதேதான். நேற்று நீ சாப்பிட்ட தேங்காய்ச் சட்னி அதில் அரைத்தது. சிரித்தது போதும். அந்த லாரிக்காரன் பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறேன் என்றாயே, அவள் வீட்டில் குழவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று கொஞ்சம் பார்த்து வா. பரண் மேலே ஏற்றி வைத்திருந்தால் கீழே எடுத்து வைக்கச் சொல்லு. அப்புறம் எலுமிச்சம்பழம், மறக்காதே, அறுப்பதற்கு முன்னால் உருட்ட வேண்டும், பிழியும்போது தோலை…

இரு, இரு. அங்க பாரு, என்ற வெள்ளாடு கயித்த அத்துக்கிட்டு உம்பட முருங்கக் கன்னுக்குள்ள தலைய உட்டுருச்சு. அந்தக் குச்சிய எடு அம்மிணி. ஏ, த்தூ, த்தூ, வெளிய வா…